கூட்டு வலையில் ஒரு கம்ப்யூட்டர்

எனக்குக் கம்ப்யூட்டர் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் அறிவு இல்லை, ஐஸ். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து நான் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தேன். விடிவதற்குள் வேன் வந்து, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கோட்டைக்குப்பத்துப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். ஐஸ் தண்ணீரில் கிடக்கும் இறாலை எடுத்து, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்துப் போட வேண்டும். மதியத்துக்குள் விரல்கள் என்னுடையவையா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுடையவையா என்று தெரியாமல் போய்விடும். அம்மாவும் அதே ஷெட்டில்தான் உரித்தாள். பழகிப்போச்சு என்பாள். எனக்குப் பழகவில்லை. பழகவே கூடாது என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது.

எண்பதுகளின் கடைசியில், ராயபுரத்தில் அத்தை வீட்டில் தங்கி ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். ஒரு மெஷின் முன்னால் ஐந்தாறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவோம். அறைக்கு ஏ.சி. உண்டு. மற்றப் பெண்கள் குளிர் தாங்காமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். ஷெட்டிலிருந்து போன எனக்கு அது சித்திரை மாத வெயிலாக இருந்தது.

சர்ட்டிபிகேட்டோடு ஊர் திரும்பிய அன்றே ஷெட் மேஸ்திரி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"பொங்கல் முடிஞ்ச மொத திங்கக்கெழம வேன் வரும். ஏறுனா ஏறு. இல்லாங்காட்டி உன் எடத்துல வேற பொண்ணு குந்திடும். அப்பால என்கிட்ட வந்து அய்வாத."

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "கம்பூட்டர் கிளாசு ஓடுச்சுன்னா கிளாசுக்குப் போ. ஓடலன்னா வேன்ல ஏறு. ரெண்டும் இல்லாம வூட்ல குந்திகினு இருக்க முடியாது." நியாயமாகத்தான் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கிளாஸ் என்பது என் யோசனை. பழவேற்காடு டவுனில் வீட்டுக்கு ஒரு பையன் துபாய்க்கோ சவூதிக்கோ பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்த காலம். நைனாவின் இறாலை வாங்கும் பாய் ஒருவர் இருந்தார். பழைய வியாபாரக் குடும்பம், பெரிய வீடு, முன் அறை சும்மா கிடந்தது. "கம்ப்யூட்டர் தெரியாதவனுக்கு அங்க டீ ஊத்தற வேலகூடக் கெடைக்கலியாம்மா. நீ சொல்லிக் குடு, நான் எடம் தர்றேன்" என்றார். அவருடைய அக்கா பிள்ளைகள், தங்கை பிள்ளைகள் என்று ஒரு கும்பலே சேரத் தயாராக இருந்தது. குறைந்தது கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

கம்பெனி கம்ப்யூட்டர் வாங்க எங்கள் ஏரியையே விற்றாலும் போதாது. ஆனால் தனித்தனி சாமானாக வாங்கிப் பூட்டிக்கொண்டால் பாதிக்குப் பாதிதான் ஆகும் என்று கோர்ஸில் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் இறால் நன்றாகப் பட்டிருந்தது. நைனா, சித்தப்பா, எதிர்வீட்டு மாமா மூவரும் ஒரே வலையின் கூட்டாளிகள். பாயையும் சேர்த்து நாலு பேர் கூடிப் பேசி, கம்ப்யூட்டரையும் கூட்டில் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டு என்றால் அவர்களுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கூட்டு வலையை ஒருவரே வாங்குவதில்லை. ஆளுக்கு ஒரு துண்டு கொண்டுவருவார்கள். கரையில் போட்டு எல்லாத் துண்டையும் ஒன்றாகத் தைப்பார்கள். துண்டு வைத்தவனுக்குப் பங்கு. துண்டு வைத்தவனுக்குத்தான் பேச்சு. மனஸ்தாபம் வந்தால் அவன் தன் துண்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடலாம், யாரும் தடுக்க முடியாது. ஒருத்தன் துண்டை இன்னொருத்தன் வாங்கித்தருவது என்ற பேச்சே கிடையாது. தைக்கிற நாள்வரைக்கும் தன் துண்டைப் பிரித்து அடுத்தவனுக்குக் காட்டவும் மாட்டார்கள். கண்ணு பட்டுவிடுமாம்.

நான் எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கிவிடலாம் என்றேன். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப என் பங்கு எதுன்னு எப்டி தெரியும்?" என்றார் எதிர்வீட்டு மாமா. "தூக்கு வாளிய வாங்கறோமா, பங்குச் சாமான் வாங்கறோமா? என் துண்ட நான் என் கையால வாங்குவேன்."

அதோடு பேச்சு முடிந்தது. பெட்டியும் அதற்குள் போகும் போர்டும் கார்டுகளும் நைனாவுக்கு. கீபோர்டு சித்தப்பாவுக்கு. மானிட்டர் மாமாவுக்கு. ஃப்ளாப்பி போடுகிற டிரைவ் பாய்க்கு. கரண்டைச் சமாளிக்க ஸ்டெபிலைசரும் தானே தருவதாகப் பாய் சொன்னார். ஆளுக்கொரு சீட்டில் என்ன வாங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். "எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கம்பாட்டிபிளா இருக்கணும், தெரிஞ்சுதா?" என்றேன். நாலு பேரும் பலமாகத் தலையாட்டினார்கள். கல்யாண வீட்டில் ஐயர் மந்திரம் சொல்லும்போது ஆட்டுகிற அதே ஆட்டு.

மெட்ராசுக்குப் போன நாளை என்னால் மறக்க முடியாது. பொன்னேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் ரிச்சி தெருவில் இறங்கி நடந்ததுமே நாலு பேரும் நாலு திக்கில் போய்விட்டார்கள். நான் நைனாவோடு ஓடி, போர்டையும் கருப்பு வெள்ளை மானிட்டருக்கான கார்டையும் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் போர்டை எடுத்து வைத்ததும் நைனா அதை முகர்ந்து பார்த்தார். பிறகு ஓரத்தைப் பிடித்து லேசாக வளைக்கப் போனார். கடைக்காரர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நைனாவுக்கு அசிங்கமாகிவிட்டது. "வளச்சிப் பாக்காம எப்டி வாங்கறது?" என்று பஸ் ஸ்டாண்டுவரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மற்ற மூவரும் ஆளுக்கொரு அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். "காட்டுங்க" என்றேன். சித்தப்பா தன் பெட்டியைத் தோள் துண்டால் மூடினார். "தைக்கிற அன்னிக்குப் பாரு" என்றார். பாய் சிரித்துக்கொண்டே பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமாவின் பெட்டி மட்டும் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. பஸ்ஸில் அதற்குத் தனி டிக்கெட் கேட்ட கண்டக்டரோடு மாமா போட்ட சண்டையில் நான் அதைக் கவனிக்க மறந்துவிட்டேன்.

நல்ல நாள் பார்த்துப் பாயின் முன் அறையில் தைப்பதற்குக் கூடினோம். தைப்பது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மாமா எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். பாய் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். ஒவ்வொருவராகப் பெட்டியைப் பிரித்தார்கள்.

பாய் வாங்கியிருந்தது சின்ன ஃப்ளாப்பிக்கான டிரைவ். என்னிடம் இருந்த ஃப்ளாப்பிகளெல்லாம் அப்பளம் சைஸ். மெஷினை எழுப்புவதற்கே அந்தப் பெரிய ஃப்ளாப்பிதான் வேண்டும். "அது மெல்லிசா, வளையுதும்மா. நடுவுல ஓட்ட வேற. நம்ம ஊரு மண்ணும் உப்புக் காத்தும் அதுல பூந்துடும். இது கெட்டியா மூடி போட்டு வந்துச்சு, அதான் இத எடுத்தேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல்.

சித்தப்பாவின் கீபோர்டில் நான் பார்த்தேயிராத பொத்தான்களெல்லாம் இருந்தன. "ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வெலதான் சொன்னான். இதுல பொத்தான் அதிகம். கொறச்சலா இருக்கறத எவனாச்சும் வாங்குவானா?" என்றார். அது எங்கள் போர்டைவிடப் பெரிய ஜாதி மெஷினுக்கான கீபோர்டு.

கடைசியாக மாமா பெட்டியைப் பிரித்தார். கலர் மானிட்டர்.

"மாமா!" என்றேன்.

"இன்னா மாமா? நீ எழுதிக் குடுத்தத காட்டுனேன். கருப்பு வெள்ளய எடுத்து வெச்சான். இத வுட நல்லது இல்லியான்னு கேட்டேன். இத காட்னான். நம்ம துட்ட மேல போட்டு வாங்கியாந்தேன். கலர் இருக்கறப்ப எவனாச்சும் கருப்பு வெள்ள பாப்பானா?"

அதற்குள் அவரே மானிட்டரின் வயரைப் பெட்டியின் பின்னால் இருந்த கார்டில் சொருகிவிட்டார். ஒன்பது ஊசி, ஒன்பது துளை. கச்சிதமாக உள்ளே போய் உட்கார்ந்தது. "பாரு, பொருந்துது! இன்னாமோ பெரிசா சொன்ன?" என்று சுவிட்சைத் தட்டினார். திரையில் கோடுகள் சரிந்து சரிந்து ஓடின. மானிட்டர் கொசு மாதிரி கீச்சென்று கத்தியது. நான் பாய்ந்து வயரைப் பிடுங்கி எறிந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் புகைந்தே போயிருக்கும்.

பிடுங்கியதோடு நின்றிருக்கலாம். எனக்கு வாய் நீளம். ஒருத்தருக்கும் மூளை இல்லையா, சீட்டு எழுதிக் கொடுத்தது எதற்கு, பெரிய மனுஷர்கள் நாலு பேர் போய் நாலு கோணலாக வாங்கிவருவதா என்று ஆடித் தீர்த்துவிட்டேன். மாமா எலுமிச்சம்பழத்தைக்கூட விடாமல் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மானிட்டரை மார்போடு அணைத்துத் தூக்கினார்.

"என் துண்ட நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நைனா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "அந்த மானிட்டரு ஏன் ஒத்துப்போவல?"

"இறால் வலையும் மடவ மீன் வலையும் ஒண்ணா தைப்பியா நைனா? கண்ணி அளவு வேற வேற. இதுலயும் அப்டித்தான். கார்டு சின்னக் கண்ணி. மானிட்டரு பெரிய கண்ணி."

நைனாவின் கை நின்றுவிட்டது. "கண்ணி ஒத்துப்போவணும்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? கம்பாட்டி கிம்பாட்டின்னு இன்னாமோ ஒளறுன. கண்ணின்னு சொல்லியிருந்தா நாலு பேரும் ஒயுங்கா வாங்கியாந்திருப்போம் இல்ல?"

ஆறு மாதம் படித்த படிப்பில் அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லித்தரவில்லை.

கண்ணி என்றதும் விஷயம் மளமளவென்று நகர்ந்தது. பாய் டிரைவை மெட்ராசில் இருந்த மருமகனிடம் கொடுத்துப் பெரிய ஃப்ளாப்பி டிரைவாக மாற்றி வாங்கிவிட்டார். சித்தப்பா கீபோர்டைத் திருப்பிக் கொடுக்கப் பெட்டியில் வைக்கும்போது அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பொடிசாக ஒரு சுவிட்ச். இந்தப் பக்கம் தள்ளினால் பெரிய மெஷினுக்கு, அந்தப் பக்கம் தள்ளினால் சின்ன மெஷினுக்கு. நான் பேசிய பேச்சுக்கெல்லாம் சித்தப்பா என்னை அடித்திருக்க வேண்டும். அவர் தன்னுடைய சாமர்த்தியத்தை நினைத்து நாலு நாள் பூரித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு கண்ணிக்கும் ஒத்துப்போற துண்டு. எவன் வாங்குவான் இந்த மாதிரி?"

மாட்டிக்கொண்டது மானிட்டர்தான். பிரித்துப் பூட்டிய மானிட்டரைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அப்படியானால் கருப்பு வெள்ளைக் கார்டைக் கொடுத்துவிட்டுக் கலர் கார்டு வாங்க வேண்டும். கார்டை மாற்றித் தரக் கடைக்காரருக்குச் சம்மதம்தான். ஆனால் கார்டு நைனாவின் துண்டு.

"அவன் தப்பா வாங்கியாந்ததுக்கு நான் ஏன் என் துண்ட மாத்தணும்?" என்றார் நைனா. எதிர்வீட்டிலிருந்து மாமா, தெரு முழுக்கக் கேட்கும்படி, "நல்ல சாமான் வாங்குனவன் ஏன் தணியணும்?" என்றார். இருபது வருஷம் ஒரே படகில் போனவர்கள். படகில் இப்போதும் போனார்கள். ஏரியில் ஒருவருக்கொருவர் வேலைக்கு வேண்டிய வார்த்தை பேசுவார்கள், கரையில் கால் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மாமா வீட்டில் அந்த மானிட்டர் நடுக்கூடத்தில் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தது. தெருப் பிள்ளைகளெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தன. அதில் ஒன்றும் தெரியாது என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா நேரத்துக்கு மாமா சுவிட்சைப் போட்டு, அதில் விளக்கு எரிவதைக் காட்டினாராம். மாமி ஒரு பூப்போட்ட துணியைத் தைத்து அதன் தலையில் போட்டுவைத்தாள்.

பொங்கல் வந்தது, போனது. திங்கட்கிழமை பக்கத்தில் வந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கனவில்கூட வேன் ஹாரன் கேட்டது. அம்மா ஒருநாள் ஷெட்டிலிருந்து வந்து, புடவையை உதறிக்கொண்டே நைனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ரெண்டு பேரு வீம்புக்கு எம்பொண்ணு கைதான் ஐஸுல வேவணுமா? எனக்குத் துண்டும் கெடையாது, பங்கும் கெடையாது, நான் இன்னா பேசறது? பேசனா, பொம்பளைக்கு இன்னா தெரியும்னுவ."

நைனா வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் அம்மா சொன்னது எனக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு துண்டும் இல்லை. சீட்டு எழுதியது நான், சாமானெல்லாம் தெரிந்தது எனக்கு, நாளைக்குப் பாடம் சொல்லித்தரப் போவதும் நான். ஆனால் யாருடைய சாமானைப் பற்றியும் வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அது யோசனைகூட இல்லை, ஒரு தில்லுமுல்லு.

நைனா திரும்பி வந்ததும் கேட்டேன். "அந்தக் கார்ட எனக்குக் குடுத்துடு நைனா."

"எதுக்கு?"

"என் துண்டுன்னு குடு. பெட்டியும் போர்டும் உன்னுது. கார்டு மட்டும் என்னுது. அப்பால நான் இன்னா பண்ணாலும் நீ மாத்துனதா ஆவாது."

நைனா தாடையைச் சொறிந்தார். மகனுக்குத் துண்டு கொடுப்பது உண்டு. மகளுக்குக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் வீம்பும் குறையாமல், கிளாஸும் நடக்க வேறு வழி இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது. எழுந்துபோய்க் கார்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "நீயே போய் உன் துண்ட வாங்கியா" என்றார்.

அடுத்த நாள் நான் தனியாக மெட்ராஸ் போனேன். கடையில் கலர் கார்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்பது துளையையும் தடவிப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வளைக்காதம்மா" என்றார்.

பிரிந்துபோன கூட்டாளியை வெற்றிலை பாக்கு வைத்துத்தான் திரும்ப அழைக்க வேண்டும். சித்தப்பா போனால் சித்தப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். நைனா போவதாகவே இல்லை. நான் போனேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ யாரு கூப்புட?"

"நான் இப்ப ஒரு துண்டுக்காரி மாமா. கார்டு என்னுது. உங்க கண்ணிக்கு ஒத்துப்போறதா பாத்து வாங்கியாந்திருக்கேன்."

"உங்க நைனா மாத்தல?"

"நைனா மாத்தவே இல்ல."

அவர் வெற்றிலையை எடுப்பதற்கு முன்னாலேயே மாமி மானிட்டரைத் தூக்கிவிட்டாள். அந்த ஸ்டூல் இல்லாமல் அவளால் உறியை எட்ட முடியவில்லையாம்.

சனிக்கிழமை மறுபடி கூடினோம். போர்டில் இருந்த குட்டி சுவிட்சைக் கலருக்கு மாற்றி வைத்து, என் கார்டைச் சொருகி, மாமாவின் வயரைச் சொருகி, பாயின் டிரைவில் ஃப்ளாப்பியைத் தள்ளி மூடினேன். டிரைவ் கறகறவென்று அரைத்தது. திரையில் எழுத்து வந்தது. அசையாமல் நின்றது. பாய், "மாஷா அல்லா" என்றார்.

மாமா மட்டும் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து.

"கலர் எங்க?"

நைனாவின் உதட்டில் ஒரு சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு மனஸ்தாபம் தாங்காது என்று நான் அவசர அவசரமாக, கோர்ஸில் படித்த பேசிக் என்ற புரோகிராமைக் கூப்பிட்டு, இரண்டு வரி தட்டி, திரையை நீலமாக்கி எழுத்தை மஞ்சளாக்கினேன். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நைனாவைப் பார்த்தார். நைனாவும் பார்த்தார். "நல்லாத்தான் கீது மச்சான்" என்றார் நைனா. அவ்வளவுதான், அதோடு அவர்கள் சண்டை தீர்ந்தது. மறுபடி எலுமிச்சம்பழம் வெளியே வந்தது.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் வேன் வந்து நின்றது. நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். பாய் வீட்டில் காலையில் முதல் கிளாஸ். ஆனாலும் ஹாரன் சத்தத்துக்கு உடம்பு தானாக எழுந்து, தலைமுடியை அள்ளிச் செருகியது. வாசலுக்குப் போனேன். மேஸ்திரி முன் சீட்டிலிருந்து, "இன்னா, ஏறப் போறியா இல்லியா? ஒரே வார்த்த" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து நைனாவின் குரல் கேட்டது.

"அவ வர்ல. அவளுக்குப் பங்கு கீது."

"எதுல பங்கு?"

"கூட்டுல. நாலு பங்கு இல்ல, அஞ்சு பங்கு. பேசி வெச்சிட்டோம், எதிர்வூட்டு மச்சானும் சரின்ட்டான். நீ வேற ஆளப் பாத்துக்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது. கார்டைக் கைமாற்றியது வெறும் கண்துடைப்பு என்று நான் நினைத்திருந்தேன். நான் இல்லாத நேரத்தில் நாலு பேரும் உட்கார்ந்து அதைப் பங்காகவே எண்ணிவிட்டிருந்தார்கள். நைனாவைப் பார்க்கத் திரும்பினேன். அவர் அதற்குள் உள்ளே போய்விட்டார்.

அம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். "பங்குக்காரி, ஒல வெச்சிருக்கேன், பாத்து எறக்கு" என்று கிண்டலாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அதே வேனில் ஏறி, ஷெட்டுக்குப் போகும் பெண்களை இடித்துத் தள்ளி இடம் பிடித்து உட்கார்ந்தாள். அவளுக்கு எந்த வலையிலும் ஒரு துண்டு இருந்ததில்லை.